நாலரை இஞ்ச் வெளிச்சம்

என் வீட்டுக்காரருக்கு ஐம்பது வயதைத் தாண்டியபிறகு திடீரென்று அழகுணர்ச்சி வந்தது. பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட வராத அழகுணர்ச்சி. வந்ததுதான் வந்தது, வீட்டுச் சுவருக்கு ஒரு வெள்ளையடிக்கலாம், பெண்டாட்டிக்கு ஒரு நல்ல சேலை எடுக்கலாம் என்று வந்திருக்கக் கூடாதா? எங்கள் கோழிப் பண்ணையின் மூலையில், முட்டை அட்டைக் கட்டுகளுக்குப் பின்னால், சுவரோடு சாத்திக் கிடந்த பழைய மோட்டார் சைக்கிள் மேல் போய் வந்தது.

அந்த வண்டியை எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் அதன் பின்சீட்டில் உட்கார்ந்து நாமகிரிப்பேட்டை முழுக்கச் சுற்றியிருக்கிறேன். புகை பாதி என் சேலையில்தான் படியும். பிறகு வண்டி படுத்துவிட்டது. பண்ணைக்குப் போக அவர் ஒரு மொபெட் வாங்கிக்கொண்டார், நான் ஸ்கூட்டர் ஓட்டப் பழகிக்கொண்டேன். எல்லாரும் நிம்மதியாகத்தான் இருந்தோம்.

ஒருநாள் செல்போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு வந்து, "ஏம்புள்ள, அந்தப் பழைய வண்டியக் கஃபே ரேசரா மாத்தப் போறேன்" என்றார். கோழிக்குப் புதுசாக ஏதோ சீக்கு வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். விசாரித்தபிறகு விளங்கியது. அந்தக் காலத்தில் இங்கிலாந்துப் பையன்கள் ஒரு டீக்கடையிலிருந்து இன்னொரு டீக்கடைக்குப் பந்தயம் விடுவார்களாம். வேகமாகப் போவதற்காக வண்டியில் தேவையில்லாததை எல்லாம் கழற்றிப் போட்டுவிடுவார்களாம். எங்கள் வீட்டுக்கும் பண்ணைக்கும் நடுவில் டீக்கடையே கிடையாது. ஊருக்குள் இருக்கிற ஒரே கடையிலும் இவருக்குச் சர்க்கரை போடாத டீதான். இவர் யாரோடு பந்தயம் விடப் போகிறார்?

வண்டி சேலத்தைத் தாண்டி, அயோத்தியாப்பட்டணத்தில் ஆத்தூர் ரோட்டோரம் இருந்த ஒரு மெக்கானிக் செட்டுக்குப் போனது. மெக்கானிக்குக் கழுத்துவரைக்கும் தாடி. தேவையில்லாதது என்று அவர் முதலில் கழற்றிப் போட்டது என் சீட்டை. நீளமாக இருந்த சீட்டை அறுத்து, ஒரே ஒரு ஆள் மட்டும் குந்துகிற மாதிரி, பின்னால் ஒரு திமிலும் வைத்துவிட்டார்.

"ஏந்தம்பி, அப்ப நான் எங்க உக்காருவேன்?" என்று கேட்டேன்.

"இதுல ஒத்த ஆளுதாங்க்கா. அதான் லுக்கே. உங்ககிட்டதான் ஸ்கூட்டர் இருக்கே, நீங்க பின்னாடியே வந்துருங்க" என்று சிரித்தார்.

வாய் முகூர்த்தம் என்பார்களே, அது அந்தத் தாடிக்காரருக்கு இருந்திருக்கிறது. அது பின்னால் வரும்.

சீட்டு போனால் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஹெட்லைட் விஷயத்தில்தான் என்னால் விட முடியவில்லை. பழைய லைட் உடைந்து போயிருந்ததால் புதிது போடவேண்டும். மெக்கானிக் மேசைமேல் இரண்டு எடுத்து வைத்தார். ஒன்று ஏழு இஞ்ச், இன்னொன்று நாலரை இஞ்ச். என் வீட்டுக்காரர் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்து, இரண்டையும் பார்த்தார். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போதுகூட மனிதர் இத்தனை நேரம் பார்க்கவில்லை.

"ஏழு இஞ்ச் போட்டா மூஞ்சி பெருசா தெரியும்ணா. நாலரை போட்டீங்கன்னா வண்டி நிக்கும்போதே பாயற மாதிரி இருக்கும்" என்றார் மெக்கானிக்.

"எதுல தம்பி ரோடு நல்லாத் தெரியும்?" என்றேன் நான்.

"ரோடா?" என்று தாடியைச் சொறிந்தார் அவர். அப்படி ஒரு கோணத்தில் யாரும் அவரிடம் கேட்டதில்லை போலிருக்கிறது. "ரோடு ரெண்டுலயும் தெரியும்க்கா. ஆனா லுக்குன்னு ஒண்ணு இருக்கில்ல."

நான் ஏன் ரோட்டைப் பற்றிக் கேட்டேன் என்றால், என் வீட்டுக்காரருக்குப் பொழுது சாய்ந்தால் கண் தெரியாது. அதை அவர் ஒத்துக்கொள்ளவும் மாட்டார். ஒருநாள் மசங்கிய நேரத்தில் பண்ணை வாசலில் அடுக்கியிருந்த தீவன மூட்டைகளைப் பார்த்து, "ஏனுங்க, கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க, வண்டி வருதில்ல" என்று மரியாதையாகச் சொன்னார். மூட்டைகள் ஒதுங்கவில்லை. "என்ன சனமோ, ஒரு வார்த்தை பேசறாங்களா பாரு" என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். வேலிமேல் காயப் போட்டிருந்த என் போர்வைக்கு இன்னொரு நாள் கும்பிடு போட்டார். கண் டாக்டரிடம் போகலாம் என்றால் போச்சு. "என்ற கண்ணுக்கென்ன கேடு? லைட்டு போதல, அவ்வளவுதான்" என்பார். வீட்டில் எந்த பல்பும் அவருக்குப் போதாது. லைட்டு போதல, லைட்டு போதல என்று உயிரை வாங்கிய மனிதர், வண்டிக்கு மட்டும் இருப்பதிலேயே பொடி லைட்டாகப் பொறுக்கிக்கொண்டிருக்கிறார். நான் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வேன்?

வீட்டிலிருந்து பண்ணைக்குப் போகிற தடம் இரண்டு பக்கமும் கிளுவை வேலி வைத்த இட்டேரி. பாதி வழியில் தடம் சட்டென்று வளைகிற ஒரு முடக்கு. முடக்கில் இடதுகைப் பக்கம் எங்களுக்கும் பங்காளிக்கும் பொதுவான கிணறு. கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் இல்லை. யார் பாகத்தில் எவ்வளவு கட்டுவது என்று பேச்சுவார்த்தை நடந்துகொண்டே இருப்பதால் யாரும் ஒரு கல்லும் வைக்கவில்லை. கோழிகளுக்குச் சாயங்காலம் லைட் போட, தண்ணீர்க் குழாயைப் பார்க்க, என்று பண்ணையாள் இருந்தாலும் இவரேதான் தினமும் அந்த மசங்கிய நேரத்தில் அந்த வழியே போய்வருவார். மொபெட்டில் ஊர்ந்து போகும்போதே எனக்கு உயிர் என்னிடத்தில் இருக்காது. இப்போது பாய்கிற வண்டி, பொடி லைட்டு, தெரியாத கண்ணு, திறந்த கிணறு. எனக்குப் பயமாக இருந்தது. வெளியே கோபமாகத்தான் வந்தது, ஆனால் உள்ளே இருந்தது பயம்தான்.

"ஊட்டுல வெச்சு அளவு பாத்துட்டு சொல்லுங்கண்ணா" என்று மெக்கானிக் வண்டியை ஒரு சின்ன லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார். அன்றைக்குப் பிடித்தது என் சமையல்கட்டுக்குச் சனி. காலையில் பருப்புச் சட்டியைக் காணோம். தேடிப் போனால் அது வண்டியின் முகத்தில் சணல் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. இவர் களத்தின் அந்தக் கோடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இது ஏழு இஞ்ச். பாரு, எப்படி அசிங்கமா இருக்குது!" என்றார். என் பருப்புச் சட்டியை அசிங்கம் என்கிறார். அப்புறம் காபி டம்ளரின் அடியைக் காட்டி வைத்தார், அது ரொம்பச் சிறிசாம். தேங்காய் மூடி வைத்தார். கடைசியில் குழம்புக் கிண்ணத்தில் வந்து நின்றார். "இதான். இதான் நாலரை. ஆகா!" என்றார். அன்று மத்தியானம் குழம்பைச் சொம்பிலிருந்து ஊற்றினேன்.

பேச்சு முற்றியது. நான் ஏழு என்றேன், அவர் நாலரை என்றார். கிணற்றைச் சொன்னேன். "முப்பது வருசமா போற தடம், கண்ணை மூடிக்கிட்டுப் போவேன்" என்றார். "இப்பவே அப்படித்தானே போறீங்க" என்றேன். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் அவராகவே, "சரி, பூக் கேட்டுருவோம்" என்றார்.

எங்கள் ஊரில் பூக் கேட்காமல் ஒன்றும் நடக்காது. ஒரு இலைப் பொட்டலத்தில் வெள்ளை அரளி, ஒன்றில் சிவப்பு அரளி. இரண்டையும் ஒன்றுபோலச் சுருட்டி நூல் சுற்றி, அம்மன் முன்னால் போட்டு உருட்டி, பூசாரி ஒன்றை எடுத்துக் கொடுப்பார். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. போர் போடுகிற இடம், பிள்ளை படிக்கிற காலேஜ், என் கல்யாணம், எல்லாம் பூ கொடுத்த உத்தரவுதான். போரில் தண்ணீர் வரவில்லை, அது வேறு கதை. கேள்வியை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. மனசுக்குள்தான் நினைக்க வேண்டும்.

கோவிலில் அவர் தேங்காய் பழத்தட்டை வைத்துக் கண்ணை மூடினார். பக்கத்தில் நானும் மூடினேன். பூசாரி பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். பிரித்தால் வெள்ளை. எனக்குச் சந்தோஷத்தில் கண்ணீரே வந்துவிட்டது. அவருக்கும் முகமெல்லாம் பல். "ஆத்தா சொல்லிருச்சு, இனி பேச்சில்ல" என்றார். "அதேதானுங்க, இனி என்ன பேச்சு" என்றேன். வருகிற வழியில் எனக்கு மல்லிகைப்பூ வாங்கிக் கொடுத்தார். பிரசாத வாழைப்பழத்தை ஆளுக்குப் பாதி தின்றோம். இத்தனை ஒற்றுமையாக நாங்கள் இருந்தது எனக்கு ஞாபகமில்லை.

வீட்டுக்கு வந்து அவர் மெக்கானிக்குப் போன் போட்டு, "தம்பி, நாலரையே போட்டுரலாம், உத்தரவு ஆயிருச்சு" என்றபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஏனுங்க, நீங்க என்ன கேட்டீங்க?"

"சின்ன லைட்டு போடலாமான்னு கேட்டேன். நீ?"

"நான் பெரிய லைட்டு போடலாமான்னுங்க கேட்டேன்!"

இரண்டு கேள்வி, ஒரே பூ. போட்டது போட்டபடி பூசாரியிடம் ஓடினோம். அவர் வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். இப்படி ஒரு வழக்கு அவரிடம் வந்ததே இல்லையாம்.

"ஏஞ்சாமி, தட்டு ஆரு வெச்சது?" என்றார்.

"நான்தானுங்க" என்றார் இவர், நெஞ்சை நிமிர்த்தி.

"அப்ப உங்க கேள்விக்குத்தான் பதிலு. அம்மிணி சும்மா கூட நின்னவங்க. தட்டு இல்லாத கேள்விய ஆத்தா எப்படிக் காதுல வாங்கும்?"

அம்மன் கேட்கவில்லை என்றால் நான் யாரிடம் மேல்முறையீடு செய்வேன்? மெக்கானிக்கே வந்து நாலரை இஞ்ச் லைட்டை மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். பகலில் அழகாகத்தான் இருந்தது, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. இவர் களத்தில் மூன்று பக்கமும் நின்று பார்த்து, பிள்ளைக்கு மொட்டை அடித்த அப்பா மாதிரி சிரித்தார்.

முதல் நாள் சாயங்காலம் அவர் கிளம்பியபோது நானும் ஸ்கூட்டரை எடுத்தேன். "நானும் வாரேனுங்க, தண்ணித் தொட்டியப் பாக்கோணும்" என்றேன். தொட்டியில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. அவருக்குப் பின்னால், அவர் நிழல் தடத்தில் விழாதபடி கொஞ்சம் வலது கைப் பக்கமாக ஒதுங்கி, என் ஸ்கூட்டர் லைட்டைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனேன். முடக்கு வந்தது, கிணறு வந்தது, மனிதர் ஜம்மென்று வளைத்துப் போனார். பண்ணையில் இறங்கியதும், "பாத்தியா? வேலியில முள்ளுகூட எண்ணலாம். லைட்டு சின்னதுன்னா வெளிச்சமும் சின்னதுன்னு நெனச்சுப் போட்டியா?" என்றார்.

என் வாய் சும்மா இருக்கிற வாயில்லை. அன்றைக்கு மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆமாங்க, நல்ல வெளிச்சமுங்க" என்றேன். சொல்லிவிட்டால் ரோஷத்தில் என்னை வரவேண்டாம் என்பார். அப்புறம் கிணறுதான்.

அதுமுதல் தினமும் எனக்குத் தண்ணீர்த் தொட்டி. சீரியல் போச்சு, சாயங்காலப் பேச்சுத்துணை போச்சு. இவர் ஊரெல்லாம் அந்த லைட்டின் பெருமையை அளந்துகொண்டு திரிந்தார். டீக்கடையில் உட்கார்ந்து, "அது வெளிச்சத்தக் கூட்டிக் குடுக்கறதில்லீங்க, குமிச்சுக் குடுக்குது" என்று விளக்கம் வேறு. அதை நம்பி எங்கள் பங்காளி, அந்தக் கிணற்றில் பாதிக்குச் சொந்தக்காரர், தன் வண்டிக்கும் அதே நாலரையை வாங்கி மாட்டினார். அவருக்குப் பின்னால் ஸ்கூட்டரில் யாரும் போகவில்லை. நேராகக் கிளுவை வேலிக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் கையெல்லாம் முள் கீறலோடு எங்கள் வாசலுக்கு வந்து நின்றார்.

"ஏப்பா, உன்ற லைட்டுல மட்டும் முள்ளு தெரியுது, என்ற லைட்டுல வேலியே தெரியலியே, அதெப்படி?"

"ஓட்டத் தெரியோணும்" என்றார் இவர். நான் சமையல்கட்டில் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சிரித்தேன். அன்று சாயங்காலம் பண்ணைக்குப் போகும்போது இவர் இரண்டு தடவை திரும்பி என்னைப் பார்த்தார்.

அடுத்த வாரம் ஒருநாள் பொழுது சாயும் நேரம் பார்த்தால் என் ஸ்கூட்டர் பின்சக்கரத்தில் காற்று இல்லை. ஆணி ஏறியிருந்தது. "இன்னிக்குப் பண்ணையாளே லைட்டப் போட்டுக்கட்டுமுங்க, நீங்க போகாதீங்க" என்றேன். "உன்ற வண்டி பஞ்சர்னா நான் ஏன் போகக் கூடாது?" என்று வீராப்பாக உதைத்துக் கிளப்பினார். வாசல் கேட் வரைக்கும் போனார். அங்கேயே நின்றார். வண்டி உறுமிக்கொண்டே இருந்தது. அந்தப் பொடி லைட்டு எதிரே இருந்த புளியமரத்தின் அடியைக்கூடத் தொடவில்லை. போயிரக் கூடாது ஆத்தா, போயிரக் கூடாது என்று வேண்டிக்கொண்டே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து இன்ஜினை அணைத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தார்.

"பெட்ரோல் இல்ல போலிருக்குது" என்றார்.

காலையில்தான் டேங்க் நிறைய ஊற்றிக்கொண்டு வந்திருந்தார். என் முகத்தைப் பார்க்காமல் கால் கழுவப் போனார். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு ஆம்பிளை தன் வீட்டு வாசலைத் தாண்ட முடியாமல் நிற்பதைப் பார்த்ததும் அழுகைதான் வந்தது.

மறுநாள் விடிந்ததும் பஞ்சரை ஒட்டிக்கொண்டு நான் தனியாகக் கோவிலுக்குப் போனேன். இந்தத் தடவை தட்டை நான் வைத்தேன். தேங்காயைக் கொஞ்சம் பெரிதாகவே வாங்கியிருந்தேன், காதில் விழட்டும் என்று. அவரைக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாமா என்று தெளிவாக, ஒரே கேள்வியாகக் கேட்டேன். பூசாரி எடுத்துக் கொடுத்தார். பிரித்தேன்.

சிவப்பு.

"இப்போதைக்கு வேண்டாமுங்குது ஆத்தா" என்றார் பூசாரி. அவருக்குக் கேள்வி என்னவென்று தெரியாது. நான் பிறந்ததிலிருந்து ஒருநாளும் பூவை மீறியதில்லை. பொட்டலத்தைக் கைக்குள் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அம்மன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்குக் கோபம் என்றால் என்மேல் காட்டு தாயே, அந்த மனிதனைக் கிணற்றில் தள்ளாதே என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். சாமி பூவைக் காலில் மிதிபடுகிற இடத்தில் போடக் கூடாது. கிணற்றில் போட்டுக்கொள்ளலாம் என்று ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் செருகி வைத்தேன்.

வீட்டில் இவர் காபியோடு உட்கார்ந்திருந்தார். "கோயிலுக்கா போன? என்ன கேட்ட?"

"உங்க கண்ணக் காட்டலாமான்னு கேட்டேனுங்க."

"என்ன பூவு?"

"வெள்ளைங்க."

டம்ளரைக் கீழே வைத்தார். "தட்டு நீதான வெச்ச?"

"நான்தானுங்க."

"அப்பச் சரி. ஆத்தாவே சொன்னா அப்புறம் நாம என்ன சொல்றது" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே காத்திருந்தவர் மாதிரி சட்டையை மாட்டிக்கொண்டார்.

சேலத்தில் பார்த்தார்கள். இரண்டு கண்ணிலும் புரை, நன்றாக முற்றியிருந்தது. இத்தனை நாள் எப்படி வண்டி ஓட்டினார் என்று டாக்டரம்மா கேட்டார். இவர் என்னைப் பார்த்தார், நான் கூரை மின்விசிறியைப் பார்த்தேன். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கண்ணுக்கும் ஆபரேஷன் ஆயிற்று. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து, சுவரெல்லாம் அழுக்காக இருக்கிறது, யாரும் வெள்ளையடிக்கவில்லையா என்று என்னையே கேட்டார். எனக்கு நரை விழுந்ததும் அப்போதுதான் தெரிந்ததாம்.

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றின சாயங்காலம் நேராக வண்டியிடம் போய் நின்றார். சாவியைப் போட்டு லைட்டைப் போட்டார். குனிந்து பார்த்தார். நிமிர்ந்து புளியமரத்தைப் பார்த்தார்.

"ஏம்புள்ள, என்ன இது இத்தனூண்டு இருக்குது? இதுல எவன் ஓட்டுவான்?"

"நீங்கதானுங்க ஓட்டினீங்க."

மறுநாள் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு வந்து, "அயோத்தியாப்பட்டணம் போலாம், ஏழு இஞ்சே வாங்கிப்போடலாம்" என்றார். லைட்டைக் கழற்றி ஒரு துணியில் சுற்றி, ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கி உள்ளே வைக்கப் போனவர் அப்படியே நின்றார். கிணற்றில் போட மறந்த பொட்டலம் அவர் கையில் இருந்தது. நூல் அவிழ்ந்து, காய்ந்த அரளி வெளியே தெரிந்தது. புதுக் கண்ணு, நல்ல வெயில்.

"இது அன்னிக்கு வாங்குன பூவா? செவப்பா இருக்குது?"

"காஞ்சு போனா வெள்ளை அப்படி ஆயிருமுங்க" என்றேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை.

பூவை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். பொட்டலத்தை மறுபடி நூல் சுற்றி, சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

"ஆமா, அப்படித்தான் ஆகும்" என்றார்.

"பெரிய லைட்டுக்குப் பூக் கேட்டுட்டுப் போலாமுங்களா?" என்று வம்புக்கு இழுத்தேன்.

"கேட்டதெல்லாம் போதும். நீ வண்டிய எடு" என்று சொல்லிவிட்டு, என் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.